ஐந்து இதழ்த் திருப்புளி

ஜனவரி 4, சனி

காலை கேழ்வரகுக் கஞ்சி 150 மில்லி. ஆக்சிஜன் 94. மதியம் குழைத்த ரசம் சாதம், பன்னிரண்டு ஸ்பூன். மூச்சு முகமூடி மதியம் இரண்டு மணி நேரம்.

மாலை நாலேகாலுக்கு டேப்லெட் கீழே விழுந்துவிட்டது. கை தவறிவிட்டது. கண்ணாடியில் கீறல் இல்லை, ஆனால் உயிர் வரவில்லை. சார்ஜில் போட்டும் பார்த்தாயிற்று.

இந்த நோட்டை எழுதச் சொன்னதே உஷாதான். முப்பத்துநாலு வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். அதில் கடைசி பன்னிரண்டு வருஷம் தீவிர சிகிச்சை வார்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மோட்டார் நியூரான் நோய் என்று டாக்டர் சொன்ன அன்று, வீட்டுக்கு வருகிற வழியிலேயே நீளமான நோட்டு ஒன்றை வாங்கிக் கையில் கொடுத்தாள். "என்ன சாப்பிட்டேன், மூச்சு எப்படி, எல்லாம் தினமும் எழுதணும். மனசுல வெச்சுக்கறேன்னு சொல்லாதீங்க" என்றாள். அப்போது அவளுக்குப் பேச்சு இருந்தது. இப்போது வலது கை ஆட்காட்டி விரல் மட்டும் அசைகிறது. அந்த விரலால் டேப்லெட்டில் எழுத்து எழுத்தாகத் தொடுவாள். அது ஒரு பெண் குரலில் படித்துச் சொல்லும். எட்டு மாதமாக அவளுக்கு அதுதான் வாய்.

ஜனவரி 5, ஞாயிறு

கஞ்சி 150. ஆக்சிஜன் 93.

டேப்லெட்டைக் கவிழ்த்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சார்ஜ் துளைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என இரண்டு ஸ்க்ரூ. எறும்புத் தலை அளவு. டியூப்லைட் மாட்ட வைத்திருக்கும் என் திருப்புளியைப் பக்கத்தில் வைத்தால் கடப்பாரை மாதிரி இருக்கிறது. அரசு அச்சகத்தில் முப்பத்தொரு வருஷம் பிழை திருத்தியவன் நான். பொடி எழுத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கண்ணில் படும். இந்த ஸ்க்ரூவின் தலை பிளஸ்ஸும் இல்லை, மைனஸும் இல்லை. ஏதோ பூ மாதிரி.

உஷா கண்ணை ஒரு தடவை மூடினால் ஆமாம், இரண்டு தடவை மூடினால் இல்லை. மதியம் ஏதோ கேட்பது போல என்னையே பார்த்தாள். தண்ணீரா? இல்லை. ஃபேனா? இல்லை. முகமூடியா? இல்லை. தலையணையா? இல்லை. அப்புறம் அவளே கண்ணை மூடிக்கொண்டாள்.

ஜனவரி 6, திங்கள்

பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் மொபைல் கடைக்கு எடுத்துப்போனேன். கடைக்காரர் கையில் வாங்கி ஒரு குலுக்குக் குலுக்கினார். "விழுந்ததுல உள்ள ஏதோ கழண்டிருக்கும் சார். வெச்சிட்டுப் போங்க, மத்தியானத்துக்குள்ள தரேன்" என்றார்.

திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவள் எழுதியதெல்லாம் அதில் இருக்கிறது. எனக்கு எழுதியது, மகளுக்கு எழுதியது. முன்பின் தெரியாதவர்கள் பார்ப்பது சரியில்லை. நானே திறந்துகொள்வேன். சரியான திருப்புளி வேண்டும், அவ்வளவுதான்.

ஜெபக்கனி நான் வெறுங்கையோடு வருவேன் என்று எதிர்பார்த்திருந்தாள் போல. கையில் டேப்லெட்டைப் பார்த்ததும், "அதுக்குள்ள சரியாயிட்டா ஐயா?" என்றாள். பகலில் உஷாவைக் கவனித்துக்கொள்ள வருகிறவள். நாசரேத் பக்கத்து ஊர்க்காரி. பதினோரு மாதமாக வருகிறாள்.

ஜனவரி 7, செவ்வாய்

கஞ்சி 140. மலம் மூன்று நாளாக இல்லை. மருந்து கொடுத்தேன்.

நடைபாதைக் கடையில் ஆறு திருப்புளி அடங்கிய பெட்டி வாங்கினேன். ஒன்றும் பொருந்தவில்லை. சின்ன மைனஸ்ஸை வைத்து நெம்பித் திருப்பினேன். திருப்புளியின் முனைதான் வளைந்தது. இன்னொரு தடவை அப்படிச் செய்தால் ஸ்க்ரூவின் தலை மழுங்கிப்போகும். மழுங்கினால் எதைப் போட்டாலும் வழுக்கும். நிறுத்திவிட்டேன்.

புனேயிலிருந்து மகள் சுபாஷினி பேசினாள். புது டேப்லெட் ஆர்டர் போடட்டுமா, நாளைக்கே வந்துவிடும் என்றாள். எதற்கு, இதையே சரிபண்ணிக்கொண்டிருக்கிறேன் என்றேன். அப்படியென்றால் அதுவரைக்கும் உங்கள் போனில் அம்மாவுக்கு அந்தச் செயலியைப் போட்டுக் கொடுங்கள் என்றாள். போனில் எழுத்துகள் பொடிசு, அம்மா விரலுக்கு ஒத்துவராது என்றேன். உண்மைதான். பொடிசுதான்.

ஜனவரி 8, புதன்

ஆன்லைனில் திருப்புளி செட்டுகளைப் பார்த்தேன். இருபத்துநாலு முனை, முப்பத்திரண்டு முனை, அறுபத்துமூன்று முனை. கைப்பிடியின் தலைப்பகுதி தனியாகச் சுழல வேண்டும், அப்போதுதான் உள்ளங்கையில் அழுத்திக்கொண்டே விரலால் திருப்பலாம். முனையில் காந்தம் வேண்டும், இல்லையென்றால் கழற்றிய ஸ்க்ரூ உள்ளே விழுந்து காணாமல் போகும். எஃகு கெட்டியாக இருக்க வேண்டும். வாங்கியவர்கள் எழுதியிருந்த கருத்துகளை நாற்பதுக்கு மேல் படித்தேன். பலர் பிழையாக எழுதுகிறார்கள். முப்பத்திரண்டு முனை செட்டுக்கு ஆர்டர் போட்டேன்.

ஒரு காலண்டர் அட்டையின் பின்பக்கம் அ, ஆ, இ எழுதி வைத்தால், ஒவ்வொன்றாய்த் தொட்டுக் காட்டி அக்கா கண் மூடுகிற எழுத்தைக் குறித்துக்கொள்ளலாமே என்று ஜெபக்கனி கேட்டாள். முன்பு ஒரு வீட்டில் அப்படிச் செய்தார்களாம். எத்தனை நேரமாகும், அவள் களைத்துப்போவாள், இரண்டு நாளில் டேப்லெட்டே சரியாகிவிடும் என்றேன்.

ஜனவரி 9, வியாழன்

டாக்டர் இளங்குமரன் வீட்டுக்கே வந்து பார்த்தார். ஆக்சிஜன் 91. காலையில் தலைவலி வருகிறதா என்று அவளிடம் கேட்டார். ஆமாம் என்று கண்ணை மூடினாள். எனக்கு இது தெரியாது. நான் தலைவலியா என்று கேட்டதே இல்லை.

இன்னும் சில வாரங்களில் முகமூடி மட்டும் போதாது என்றார். தொண்டையில் துளை போட்டு மூச்சு மெஷினில் இணைக்கலாம். அப்படிப் பல மாதம், சிலருக்கு வருஷக்கணக்கில்கூட ஓடும். இல்லையென்றால் அது வேண்டாம் என்று விட்டு, கஷ்டம் தெரியாமல் மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். எது சரி என்று தான் சொல்லமாட்டேன், மேடம்தான் சொல்ல வேண்டும் என்றார். சொல்லிவிட்டு அவள் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

நான் குறுக்கிட்டேன். இவ்வளவு பெரிய விஷயத்தைக் கண் சிமிட்டலில் கேட்க வேண்டாம் டாக்டர், டேப்லெட் சரியாகட்டும், அவள் சொந்த வார்த்தையில் சொல்லட்டும் என்றேன். நியாயம்தான் என்று நிமிர்ந்துவிட்டார்.

வாசலில் செருப்பு மாட்டும்போது சொன்னார். "சீக்கிரம் சரிபண்ணுங்க சார். அவங்க முடிவு ஃபைல்ல இல்லாம, திடீர்னு மூச்சுத் திணறி ஆம்புலன்ஸ்ல வந்தாங்கன்னா அங்க யாரும் கேட்டுட்டு நிக்க மாட்டாங்க. குழாயைப் போட்டுடுவாங்க. போட்டப்புறம் எடுக்கறது லேசுல நடக்காது."

ஜனவரி 10, வெள்ளி

கஞ்சி 140. ஆக்சிஜன் 92. மலம் போயிற்று.

செட்டு வந்தது. கறுப்புப் பெட்டி, முப்பத்திரண்டு முனையும் வரிசையாக இருக்கிறது. பூ மாதிரி இருந்ததை எடுத்து வைத்தால் உட்காரவில்லை. எண்ணிப் பார்த்தேன். இதற்கு ஆறு முனை. ஸ்க்ரூவில் இருப்பது ஐந்து இதழ். ஐந்து இதழ் முனை இந்தச் செட்டில் இல்லவே இல்லை.

ஜனவரி 11, சனி

ஜெபக்கனியை மாலைவரை இருக்கச் சொல்லிவிட்டு வில்லிவாக்கத்தில் மின்சார ரயில் ஏறி, நடுவில் வேறு ரயில் மாறி, ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். முழுக்க எலெக்ட்ரானிக் சாமான் கடைகள், நடக்க இடமில்லாத தெரு. ஹமீது என்பவரின் கடை. என் வயதுக்காரர். டேப்லெட்டை விளக்குக்கு அடியில் வைத்து ஒற்றைக் கண்ணில் லென்ஸ் மாட்டிப் பார்த்தார். பின்னால் இருந்த தட்டிலிருந்து பேனா மாதிரி ஒரு திருப்புளியை எடுத்து ஸ்க்ரூவில் வைத்தார். வைத்ததும் உட்கார்ந்தது. எல்லாம் இரண்டு நிமிஷம்.

வேறு இருந்தால் காட்டுங்கள் என்றேன். வேறு மூன்று காட்டினார். ஒன்று கைப்பிடி வழவழப்பு. ஒன்று நீளம் அதிகம். ஒன்றின் காந்தம் வலு இல்லை. செட்டாக இருக்கிறதா என்று கேட்டேன். அவர் லென்ஸைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"சார், உங்களுக்கு வேண்டியது இது ஒண்ணுதான். குடுங்க, இங்கயே தொறந்து குடுத்துடறேன்."

வேண்டாம், நேரமாகிவிட்டது என்றேன். காகிதத்தில் சுருட்டிக் கொடுத்தார். மூடியை நெம்ப, முக்கோணப் பிளாஸ்டிக் துண்டு ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார். திருப்புவதைவிட அமுக்குவதுதான் முக்கியம், முக்கால் பங்கு அமுக்கி, கால் பங்கு திருப்புங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

ஜனவரி 12, ஞாயிறு

மேகமூட்டம். வெளிச்சம் போதவில்லை. திருப்புளியை உஷாவின் அறை மேஜை மேலேயே வைத்திருக்கிறேன்.

ஜனவரி 13, திங்கள்

போகி. தெருவெல்லாம் புகை. ஜன்னலை மூடி வைத்தேன். ஆக்சிஜன் 90. முகமூடி நாள் முழுக்க.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல் வைத்தேன். குழைத்து மூன்று ஸ்பூன் கொடுத்தேன். நாக்கில் இனிப்புப் பட்டதும் கண்ணை மூடித் திறந்தாள். சுபாஷினி வீடியோவில் வந்தாள். அம்மாவிடம் கேட்டீர்களா அப்பா, டாக்டர் என்னிடமும் பேசினார் என்றாள். டேப்லெட்டுக்கு இன்னும் திருப்புளி அமையவில்லை என்றேன். உஷா போனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

நாளைக்குத் திறக்க வேண்டும்.

ஜனவரி 15, புதன்

நிதானமாக எழுதுகிறேன்.

காலை பதினோரு மணிக்குக் கஞ்சி கொடுக்கும்போது புரை ஏறிவிட்டது. இருமும் சக்தி அவளுக்கு இல்லை. முகம் கறுத்து, உதடு நீலமாயிற்று. ஜெபக்கனி அவளை ஒருக்களித்துப் போட்டுச் சளி உறிஞ்சும் மெஷினைப் போட்டாள். நான் போனை எடுத்து ஆம்புலன்ஸுக்கு அழுத்தினேன். மணி அடித்தது.

"ஐயா, அக்காவப் பாருங்க" என்றாள் ஜெபக்கனி.

பார்த்தேன். மூச்சு இல்லாத நிலையில் உஷா கண்ணை இரண்டு தடவை மூடினாள். மறுபடி இரண்டு தடவை. மறுபடியும். போனில் ஒரு குரல் சொல்லுங்க, சொல்லுங்க என்றது. நான் பேசவும் இல்லை, வைக்கவும் இல்லை. அதற்குள் மெஷினில் கஞ்சியும் சளியுமாக வந்தது. அவள் ஒரு மூச்சு இழுத்தாள். தவறுதலாக அழைத்துவிட்டேன் என்று சொல்லி வைத்தேன்.

முகம் துடைத்து, முகமூடி மாட்டி, ஆக்சிஜன் 88 வந்த பிறகு ஜெபக்கனி என்னைக் கூடத்துக்குக் கூப்பிட்டாள். குரலை உயர்த்தவில்லை.

"நான் பதினாலு வீட்டுல வேல பாத்திருக்கேன் ஐயா. அக்கா என்ன சொல்லப் போறாங்கன்னு எனக்கும் தெரியும், ஒங்களுக்கும் தெரியும். அதுக்காவ அவங்க வாயக் கட்டி வைக்கலாமா?"

இந்த நோட்டில் ஒரு பிழை இருக்கிறது. திருத்திவிடுகிறேன்.

நாலாம் தேதி மாலை உஷா எழுதிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'தொண்டையில் துளை வேண்டா' வரை வந்துவிட்டது. 'ம்' மட்டும் பாக்கி. அப்புறம் பேசலாம் உஷா, இப்போது களைப்பாக இருக்கிறாய் என்று சொல்லி டேப்லெட்டை ஸ்டாண்டிலிருந்து எடுக்கப் போனேன். அவள் விரலைத் திரையில் அழுத்திக்கொண்டாள். அந்த விரலில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. இழுத்தேன். விழுந்தது.

கை தவறவில்லை.

பன்னிரண்டு மணிக்கு மேஜையை ஜன்னலோரம் நகர்த்தி உட்கார்ந்தேன். திருப்புளி ஐந்து இதழிலும் கச்சிதமாக உட்கார்ந்தது. அமுக்கி, திருப்பினேன். இரண்டு ஸ்க்ரூவும் அலுங்காமல் வந்தன. பிளாஸ்டிக் துண்டை ஓரத்தில் செருகிச் சுற்றி வந்தேன். மூடி திறந்தது. பேட்டரியிலிருந்து வரும் பட்டையின் முனை, இருந்த இடத்திலிருந்து கழன்று நின்றது. கட்டை விரலால் அமுக்கினேன். டக்கென்று உட்கார்ந்தது. மூடி, ஸ்க்ரூவைப் போட்டு, பொத்தானை அழுத்தினேன். வெளிச்சம் வந்தது.

மொத்தம் இருபது நிமிஷ வேலை.

ஸ்டாண்டில் மாட்டி அவள் விரலுக்குக் கீழே வைத்தேன். நான் பயந்த வார்த்தையைத்தான் எழுதுவாள் என்று நின்றுகொண்டிருந்தேன். வெகுநேரம் எழுதினாள். பெண் குரல் படித்தது.

"வலது தோளுக்குக் கீழே அரிக்கிறது. ரொம்ப நாளாக."

புரட்டிப் பார்த்தேன். ரவிக்கைத் தையல் அழுந்தி, ஒரு ரூபாய் அளவுக்குச் சிவந்து, நடுவில் தோல் உரிந்திருந்தது. பதினோரு நாளில் நான் எத்தனையோ கேள்வி கேட்டேன். இதைக் கேட்கவில்லை.

அடுத்து எழுதினாள். "காலையில் தலைவலி." அடுத்து, "கஞ்சியில் உப்பு அதிகம்." அடுத்து, "ஜெபக்கனி மகளுக்குப் பரீட்சை எப்படிப் போச்சு?"

ஜெபக்கனி அடுக்களைக்குப் போய்விட்டாள். நான் மருந்து தடவினேன்.

ஜனவரி 16, வியாழன்

கஞ்சி 100. உப்பு குறைவு. ஆக்சிஜன் 90. தோள் புண் கொஞ்சம் காய்ந்திருக்கிறது.

இன்று காலை பேசினோம். ஒரு வரி எழுத அவளுக்கு ஏழெட்டு நிமிஷம் ஆகிறது. நடுவில் முகமூடி. அதனால் பத்துப் பன்னிரண்டு வரிக்கே மதியமாகிவிட்டது.

முதலில், "ஸ்க்ரூ டிரைவர் கிடைக்கவே இல்லையா?" என்று கேட்டாள்.

பதினோராம் தேதியே கிடைத்துவிட்டது என்றேன்.

"தெரியும். மேஜை மேல பாத்துட்டே இருந்தேன்."

அவள் பார்வைக்கு நேராக நாலு நாள் அதை வைத்திருந்தேன்.

தொண்டைத் துளை வேண்டாம் என்று எழுதினாள். இந்த முறை முழுசாக. எத்தனை பேருக்கு அந்தக் குழாயைச் சுத்தம் செய்திருக்கிறேன், அவர்கள் கண்ணைப் பார்த்திருக்கிறேன், அப்படிப் படுத்திருக்க என்னால் முடியாது என்றாள். மூச்சு முட்டும்போது கொடுக்கும் மருந்தின் பெயரைச் சொல்லி, அதை டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிவையுங்கள், ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடையில் கிடைக்கும் என்று இப்போதே விசாரித்துவையுங்கள் என்றாள். நர்ஸ் உத்தரவு போடுகிற மாதிரிதான் இருந்தது. எழுதிக்கொண்டேன்.

பயமாக இல்லையா உஷா என்று கேட்டேன்.

"பயம்தான்."

நான் என்ன பண்ணுவேன் என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. அவள் விரல் திரைமேல் நின்றது. பிறகு நாலே எழுத்து எழுதினாள்.

"தெரியல."

ஜனவரி 20, திங்கள்

டாக்டர் வந்தார். அவளே எழுத, அவர் உரக்கப் படித்து, இதுதானா என்று கேட்டு, ஃபைலில் எழுதினார். முப்பத்துநாலு வருஷம் வார்டு ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட்டவளிடம் கட்டைவிரல் ரேகை வாங்கினார்கள். கீழே நான் சாட்சி. ஒரு தடவை படித்துப் பார்த்தேன். பிழை இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

ஜனவரி 24, வெள்ளி

கஞ்சி 80. "உங்க சட்டைக் காலர் கிழிஞ்சிருக்கு" என்றாள்.

ஜனவரி 29, புதன்

அவள் சொன்ன மருந்தை வாங்கப் புரசைவாக்கம் போய் வந்தேன். திரும்பி வந்தபோது ஜெபக்கனி அவள் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். விரலைத் தூக்க இனி இன்னொருவர் கை வேண்டும். என்ன எழுதினாய் என்றேன். உஷா கண்ணை மூடிக்கொண்டாள். ஜெபக்கனியும் சொல்லவில்லை.

ஜனவரி 31, வெள்ளி

விரல் அசையவில்லை. காலண்டர் அட்டையில் எழுத்து எழுதி வைத்தேன்.

பிப்ரவரி 1, சனி

சுபாஷினி வந்துவிட்டாள். அம்மா தலைமாட்டிலேயே உட்கார்ந்திருக்கிறாள். கஞ்சி 20.

பிப்ரவரி 3, திங்கள்

காலை 9.40. மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து. திணறல் இல்லை. சுபாஷினி வலது கையையும் நான் இடது கையையும் பிடித்திருந்தோம். ஜெபக்கனி ஜெபம் செய்தாள்.

ஆக்சிஜன் பார்க்கவில்லை.

பிப்ரவரி 19, புதன்

பதினாறாம் நாள் காரியம் நேற்று முடிந்தது. உறவுக்காரர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். ஜெபக்கனிக்கு அண்ணா நகரில் வேறு வீடு கிடைத்திருக்கிறது, காலையில் வந்து சொல்லிக்கொண்டு போனாள். சுபாஷினிக்கு நாளை மறுநாள் விமானம்.

மதியம் நானும் அவளும் மட்டும் சாப்பிட உட்கார்ந்தோம். இனித் தள்ளிப்போடக்கூடாது என்று சொல்ல ஆரம்பித்தேன். நாலாம் தேதி மாலை திரையில் இருந்த வார்த்தை, உஷா விரலை அழுத்தியது, நான் இழுத்தது. மொபைல் கடையிலிருந்து திரும்ப வாங்கி வந்தது. சுபாஷினி வாங்கித் தருகிறேன் என்ற புது டேப்லெட்டை வேண்டாம் என்றது எதற்காக என்பது. டாக்டர் வாசலில் சொன்னதைக் கேட்டபோது, அப்படியே விட்டால் குழாயைப் போட்டுவிடுவார்கள், உஷா இருப்பாள் என்று என் மனதில் ஓடியது. கையில் திருப்புளியை வைத்துக்கொண்டு வெளிச்சம் போதவில்லை என்றது. எல்லாவற்றையும் சொன்னேன். சோற்றில் கை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். கை காய்ந்துபோயிற்று.

"முடிச்சிட்டீங்களாப்பா?"

முடித்துவிட்டேன் என்றேன்.

இடது கையால் போனை எடுத்து, தேடி, என் பக்கம் திருப்பி வைத்தாள். ஜனவரி 29 தேதி போட்டு உஷா அனுப்பியிருந்தது. 'அப்பா உன்னிடம் ஒன்று சொல்வார். சொல்லி முடிக்கும்வரை எழுந்து போகாதே.' அவ்வளவுதான் இருந்தது. மறுபடி படித்தேன்.

"அம்மா சொன்னபடி உக்காந்திருந்தேன்" என்றாள் சுபாஷினி.

எழுந்து கை கழுவிவிட்டு உஷாவின் அறைக்குப் போனாள். வந்த நாளிலிருந்து அவள் அழுது நான் பார்க்கவில்லை. இப்போது சத்தம் கேட்டது. நான் தட்டுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்துக்கு அப்புறம் வெளியே வந்து கதவருகில் நின்றாள். முகத்தைத் துடைத்திருந்தாள். கோபமாகக் கேட்கவில்லை. அவளுக்கு அது தெரிய வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

"ஜனவரி பத்தாம் தேதி என் பொறந்த நாள்பா. நீங்க போனை அம்மா காதுல வெச்சீங்க. நான் மட்டும்தான் பேசினேன். அன்னிக்கு அம்மா என்கிட்ட ஏதாவது சொல்லணும்னு நெனச்சிருப்பாங்களா?"

நினைத்திருப்பாள் என்றேன்.

என்னவாக இருக்கும் என்று கேட்டாள்.

எனக்குத் தெரியாது. அதைத்தான் சொன்னேன்.